வான்கோழியை அழைக்கும் பெட்டி: ஓசையில் மரத்தின் பங்கு எவ்வளவு?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், வான்கோழியின் குரலை எழுப்பி அதை வரவைக்க வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும், கையால் செய்த வான்கோழி அழைப்பான் ஒன்றைப் பார்த்ததும் பலரும் முதலில் கேட்பது, "இது என்ன மரம்?" என்பதைத்தான். செய்தவரும் அதைத்தான் முதலில் சொல்வார். வால்நட் மூடி, செடார் பெட்டி. செர்ரி மூடி, பாப்லர் பெட்டி. இடிந்த பழைய களஞ்சியத்தில் இருந்து கழற்றிய செஸ்ட்நட் பலகை என்றால் குரலில் ஒரு பெருமையே வந்துவிடும். மரம்தான் ஓசையைத் தீர்மானிக்கிறது என்று அங்கே பலர் உறுதியாக நம்புகிறார்கள். அதில் எவ்வளவு உண்மை, எந்த இடத்தில் அது பிசகுகிறது என்பதை ஒரே ஒரு கருவியை வைத்துப் பார்க்கலாம்.

அந்தக் கருவி, மூடி போட்ட பெட்டி அழைப்பான். ஆர்கன்சா மாநிலத்தில் டார்டனெல் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு வெகு காலம் முன்பே அமெரிக்கப் பழங்குடியினர் வான்கோழியின் இறக்கை எலும்பைக் குழலாக்கி, உறிஞ்சி ஒலி எழுப்பி வந்தார்கள். வாய்க்குள் வைத்து ஊதும் சவ்வு அழைப்பானும் கிப்சனுக்கு மூத்தது. ஆனாலும் மரத்தைப் பற்றிப் பேச பெட்டியே சரியான இடம். அதில் திருகும் ஸ்பிரிங்கும் தவிர எல்லாமே மரம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசையில் மரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு மர இனத்தின் பெயரில் இருப்பதைவிட, கையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட பலகையின் விறைப்பிலும் எடையிலும் அதிகம் இருக்கிறது. அதை எந்தக் கனத்துக்கு, அதாவது எந்தத் தடிமனுக்கு, இழைக்கிறோம் என்பது அதற்கும் மேல்.

எந்தக் குரலை எழுப்ப வேண்டும்?

காட்டு வான்கோழியின் இனப்பெருக்கக் காலம் வசந்தம். சேவல் இரவில் மரக்கிளையில் அடைந்து, விடியும்போது அங்கிருந்தே முழங்கும். வழக்கப்படி பெட்டைகள்தான் அதைத் தேடி வரும். வேட்டைக்காரர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கப் பார்க்கிறார். ஒரு மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பெட்டையின் குரலை எழுப்பி, சேவலைத் தன் பக்கம் வரவைக்க வேண்டும். இங்கே உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் மாநில அரசுகள் விதிப்பவை. வசந்தத்தில் பெரும்பாலும் நெஞ்சில் தாடி போன்ற கொத்து முளைத்த பறவையை, அதாவது சேவலைத்தான் சுடலாம்.

பெட்டை எழுப்பும் குரல்கள் பல. தனித்தனியாகக் கொத்துவது போன்ற 'கிளக்', திருப்தியாக இருக்கும்போது வரும் 'பர்', பரபரப்பில் வெட்டி வெட்டி வரும் 'கட்'. ஆனால் பெட்டி செய்பவரின் கவனமெல்லாம் 'யெல்ப்' என்ற குரலில் இருக்கும். ஒரு யெல்ப் இரண்டு பகுதி கொண்டது. முதலில் உயரமான, சுத்தமான ஒரு சுரம். அது சட்டென்று மடங்கி, தாழ்ந்த, கரகரத்த இன்னொரு சுரமாக இறங்கும். இந்த மடிப்பு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டு சுரமும் தனித்தனியாக ஒட்டவைத்தது போல இருந்தால் பெட்டி தேறாது. மடிப்பே இல்லாமல் ஒரே கீச்சாக வந்தாலும் தேறாது.

மரம் எதைத் தர வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒரே பலகை அடுத்தடுத்து இரண்டு குணங்களைக் காட்ட வேண்டும்: முன்பாதியில் தெளிவு, பின்பாதியில் கரகரப்பு. வயலினுக்கோ வீணைக்கோ யாரும் கரகரப்பைக் கேட்பதில்லை. அதனால் இசைக்கருவி மரங்களுக்கான விதிகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

பெட்டி எப்படிக் கூவுகிறது

அடிப்பலகை, இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கட்டை, இரண்டு மெல்லிய பக்கப்பலகைகள். மேலே ஒரு கனத்த மூடி, ஒரு முனையில் திருகினால் பிடிக்கப்பட்டு, மறுமுனையில் கைப்பிடியாக நீண்டிருக்கும். மூடியின் அடிப்பாகம் தட்டையாக இருக்காது. குறுக்குவாட்டில் மெல்ல வளைந்திருக்கும். பக்கப்பலகையின் மேல்விளிம்பும் நடுவில் லேசாக உயர்ந்திருக்கும். மூடியின் அடியில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, கைப்பிடியைப் பக்கவாட்டில் இழுத்தால், வளைந்த மூடி விளிம்பின் மேல் உரசிச் செல்லும்.

கதவுக் கீல் கிறீச்சிடுவதும் இதே இயக்கம்தான். மூடி விளிம்பைப் பற்றிக்கொண்டு கொஞ்சம் இழுக்கும், பலகையின் விறைப்பு தாங்காத அளவுக்கு இழுபட்டதும் பிடி விட்டுப் பலகை திரும்பும், மறுபடி பற்றும். நொடிக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நடக்கும் இந்தப் பற்றலும் விடுதலுமே ஓசையாகிறது. இழுபட்ட பலகை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அதன் விறைப்பும் எடையும் தீர்மானிக்கின்றன. பெட்டியின் உள்ளே இருக்கும் காற்று சில அலைவரிசைகளைத் தூக்கிக் கொடுக்கிறது. மூடி நகர நகர உரசும் இடமும் விளிம்பின் மேல் நகர்கிறது, அழுத்தமும் மாறுகிறது. அந்த மாற்றத்தில்தான் சுரம் மடங்குகிறது.

இரண்டு பக்கப்பலகைகளையும் பெரும்பாலும் ஒரே கனத்தில் வைப்பதில்லை. ஒரு பக்கம் இளம் பெட்டை, மறுபக்கம் வயதான பெட்டை அல்லது சேவலின் யெல்ப். மரமும் அதே, பெட்டியும் அதே, மூடியும் அதே. கனத்தில் ஒரு சிறு வேறுபாடுதான். குரலோ இரண்டு வெவ்வேறு பறவைகளுடையது. மரத்தின் இனமே குரல் என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எண்கள் என்ன சொல்கின்றன

அமெரிக்க வனத்துறையின் ஆய்வுக்கூடம் அந்நாட்டு மரங்களின் எடையையும் விறைப்பையும் அளந்து வெளியிட்டிருக்கிறது. பெட்டி செய்பவர்கள் விரும்பும் மரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. 12 சதவீத ஈரப்பதத்தில் மஞ்சள் பாப்லரின் விறைப்பு 10.9 கிகாபாஸ்கல். (பாப்லர் என்று பெயர் இருந்தாலும் இது நம் செண்பக மரத்தின் குடும்பம், டியூலிப் மரம் என்றும் சொல்வார்கள்.) கறுப்பு வால்நட் 11.6, கறுப்பு செர்ரி 10.3, பட்டர்நட் 8.1. கிழக்குச் சிவப்புச் செடார் வெறும் 6.1. எடையைப் பார்த்தால் பாப்லர் கன மீட்டருக்குச் சுமார் 470 கிலோ, வால்நட் 615, செர்ரி 560, பட்டர்நட் 425, செடார் 525.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், ரேகை வழியே, அதாவது மரத்தின் நார் ஓடும் திசையில், அந்த மரத்துக்குள் ஒலி ஓடும் வேகம் கிடைக்கும். பாப்லரில் நொடிக்குச் சுமார் 4,800 மீட்டர். வால்நட்டிலும் செர்ரியிலும் பட்டர்நட்டிலும் 4,300ஐ ஒட்டி வருகிறது. செடாரில் 3,400. வால்நட்டும் செர்ரியும் விலையிலும் நிறத்திலும் எவ்வளவு வேறாக இருந்தாலும், இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரே மரம்தான். செடார் மட்டும் கூட்டத்தில் இருந்து விலகி நிற்கிறது.

ஒரு பலகையின் இயல்பான அதிர்வெண் அந்த வேகத்தையும் பலகையின் கனத்தையும் பெருக்கியதற்கு ஏற்ப உயரும். ஆகவே ஒரே அளவில் பாப்லரிலும் செடாரிலும் பக்கப்பலகை அறுத்தால், செடார் பலகையின் சொந்தச் சுரம் ஏறத்தாழ முப்பது சதவீதம் தாழ்ந்து விழும். இதைக் காதால் பிரிக்கப் பயிற்சி எதுவும் வேண்டாம். "செடார் குரல்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சுக்கு நியாயமான அடிப்படை இருக்கிறது.

அப்புறம் இன்னொரு பக்கம். செடாரை பாப்லரின் சுரத்துக்கே உயர்த்த முடியாதா? முடியும். மூன்று மில்லிமீட்டர் பாப்லருக்குப் பதில் நாலேகால் மில்லிமீட்டர் செடார் வைத்தால் சுரம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். ஆனால் அந்தச் செடார் பலகை பாப்லரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் எடை இருக்கும். எடை கூடிய பலகையை அசைக்க அதிக விசை வேண்டும். அதே அழுத்தத்தில் அது குறைவாகவே அதிரும். காட்டில் தூரம் போகாது. சுரத்தைக் கனத்தால் சரிசெய்துவிடலாம், சுரத்தையும் உரப்பையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. மரத்தின் தனிக்குணம் என்று ஒன்று இருந்தால், அது மிஞ்சி நிற்கும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

செடார் பெட்டி செய்பவர்கள் அப்படிக் கனமாக்குவதும் இல்லை. மெல்லிதாகவே விட்டு, தாழ்ந்த குரலை ஏற்றுக்கொண்டு, அதை வயதான பெட்டையின் குரலாக ஆக்கிவிடுகிறார்கள். அது நல்ல புத்தி. மரத்தோடு மல்லுக்கட்டாமல் அதற்கு வரும் குரலைப் பாடவிடுவது.

ஒரே பெயர், வேறு பலகை

மேலே சொன்ன எண்கள் எல்லாம் சராசரி. அவை எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் அதே அட்டவணை தருகிறது: ஒரே இனத்துக்குள் விறைப்பின் மாறுபாடு சராசரியாக 22 சதவீதம், எடையின் மாறுபாடு 10 சதவீதம்.

இதன் பொருள் என்ன? வால்நட்டின் சராசரி 11.6 என்றால், சாதாரண வால்நட் பலகைகளே 9 முதல் 14 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இன்னும் வெளியே விழுபவையும் உண்டு. வால்நட்டுக்கும் செர்ரிக்கும் இடையே உள்ள சராசரி வேறுபாடு சுமார் 12 சதவீதம்தான். ஒரே மரக்கடையில் ஒரே அடுக்கில் இருந்து உருவிய இரண்டு வால்நட் பலகைகள், ஒரு வால்நட்டும் ஒரு செர்ரியும் வேறுபடுவதைவிட அதிகமாக வேறுபடலாம். வெட்டவெளியில் வேகமாக வளர்ந்த மரமும், அடர்காட்டில் நெருக்கிக்கொண்டு மெதுவாக வளர்ந்த மரமும் ஒன்றாக இருக்காது. வைரம் பாய்ந்த பகுதியும் வெளிறும் ஒன்றல்ல. ரேகை நேராக ஓடும் பலகையும், சுழித்துக்கொண்டு ஓடும் பலகையும் ஒன்றல்ல. கண்ணைக் கவரும் சுழிரேகைப் பலகையை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் ரேகை சாய்ந்தால் விறைப்பு மளமளவென்று குறையும். அழகுக்காக எடுத்த பலகை ஓசையில் கைவிடுவது இதனால்தான்.

"வால்நட் இனிமை, செர்ரி கூர்மை" என்ற வகைப் பேச்சில் கைவினைஞர்களே ஒருவரோடு ஒருவர் உடன்படாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். செடாரைக் கரகரப்பு என்பவரும் இருக்கிறார்கள், மென்மை என்பவரும் இருக்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கைக்கும் கிடைத்த செடார் வேறு, இழைத்த கனம் வேறு, மூடி வேறு.

அதனால் தேர்ந்த கைகள் பலகையைத் தட்டிப் பார்க்கின்றன. இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, விரல் கணுவால் தட்டினால், நல்ல பலகை கொஞ்ச நேரம் கணகணக்கும்; மந்தமான பலகை 'டொக்' என்று அடங்கிவிடும். சுரத்தோடு, அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதும் அந்த ஒரு தட்டில் தெரிந்துவிடுகிறது. மரத்தின் பெயர் இந்த அளவு தகவலைத் தராது.

இன்னும் ஒன்று: பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து மாறும். பத்து சதவீதம் இழைத்து எடுத்தால் வளைவதற்கான எதிர்ப்பு இருபத்தேழு சதவீதம் குறைந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் பலகையில் பத்து சதவீதம் என்பது உப்புத்தாளில் கொஞ்ச நேர வேலை. இனத்தின் பெயரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு, கனத்தைக் குத்துமதிப்பாக விட்டுவிடுபவர், சின்னதைப் பிடித்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுகிறார்.

மூடியும் சாக்குக்கட்டியும்

பெட்டியைப் பற்றிப் பேசும் அளவுக்கு மூடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பக்கப்பலகைக்கு வேண்டியது லேசும் விறைப்பும். மூடிக்கு வேண்டியது வேறு: நிறை, கடினம், சாக்கைப் பிடித்துக்கொள்ளும் மேற்பரப்பு. மூடி லேசாக இருந்தால் அதுவே பக்கப்பலகையோடு சேர்ந்து ஆடத் தொடங்கி, ஓசை கலங்கும். மூடியும் விளிம்பும் இரண்டுமே மென்மையாக இருந்தால் சீக்கிரம் தேய்ந்து, அந்த மெல்லிய வளைவு தட்டையாகிவிடும். வளைவு போனால் மடிப்பும் போய்விடும்.

கடினத்தை அளக்கும் ஜாங்கா அளவுகோலில் பாப்லர் 540 பவுண்டு, செடார் 900, வால்நட் 1,010. தென் அமெரிக்காவில் இருந்து வரும் ஊதாநிறப் பர்ப்பிள்ஹார்ட் 2,500ஐ ஒட்டிப் போகும். வால்நட் மூடியும் பாப்லர் பெட்டியும் பழைய, நம்பிக்கையான ஜோடியாக இருப்பதன் காரணம் இந்த இடைவெளியில் தெரியும். வால்நட்டின் நுண்துளைகள் சாக்கை ஏற்றுக்கொள்ளவும் வசதியானவை. பர்ப்பிள்ஹார்ட் மூடி போட்டால் கூர்மை ஏறும், தேய்மானமும் குறையும். ஆனால் பிடி விடுவது திடீர் திடீரென்று நடந்து, 'கட்' நன்றாகவும் 'பர்' முரட்டுத்தனமாகவும் வருவது உண்டு. எல்லாக் குரலையும் ஒரே பெட்டியில் கேட்பவருக்கு வால்நட் போதும் என்று சொல்வேன்.

சாக்கு, எண்ணெயோ மெழுகோ கலக்காததாக இருக்க வேண்டும். மெழுகு வந்தால் பற்றல் போய்விடும், வெறும் வழுக்கல்தான். விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசை பட்டாலே போதும், அந்த இடம் ஊமையாகிவிடும். பெட்டியின் வெளிப்புறத்துக்கு எண்ணெயோ வார்னிஷோ பூசுவார்கள். விளிம்பும் மூடியின் அடியும் எதுவும் பூசாத வெறும் மரமாகவே இருக்கும். நாளாக ஆக உரசும் இடம் பளபளத்துவிட்டால், நைலான் நார்த்தேய்ப்பான் வைத்து லேசாகத் துடைத்து மறுபடி சாக்குப் போட வேண்டும். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிறவர் தன் கையாலேயே வளைவை அழித்துவிடுவார்.

யார் செய்தார்கள், எதில் செய்தார்கள்

கிப்சனின் வடிவத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் அலபாமா மாநிலம் பர்மிங்காமைச் சேர்ந்த எம்.எல். லிஞ்சுக்குப் பெரிய பங்கு உண்டு. கடைகளில் நின்று தானே வாசித்துக் காட்டி விற்றவர் அவர். அவருடைய பெட்டிகளில் மகாகனி நிறையப் பயன்பட்டது. மகாகனி ஒரு நல்ல நடுவழி மரம்: பாப்லர் அளவுக்கு விறைப்பு, அதைவிடச் சற்று அதிக எடை, ஈரத்துக்கு அதிகம் திருகாத குணம். எண்ணிக்கையில் செய்து விற்கிறவருக்கு இந்தக் கடைசிக் குணம் பொன் போன்றது. ஒரு பெட்டிபோலவே இன்னொரு பெட்டி வர வேண்டுமே.

தென் கரோலைனாவின் கிரீன்வுட் ஊர் நீல் காஸ்ட் வேறு வகை. புகழ்பெற்ற வயலின் கைவினைஞரின் பெயரால், அழைப்பான் செய்பவர்களில் ஸ்ட்ராடிவாரி என்று அவரைச் சொல்வார்கள். நீண்ட மூடி கொண்ட அவருடைய 'படகுத் துடுப்பு' பெட்டி இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள். மூடி நீளும்போது கை அசைவு பெரிதாகி, உரசும் வேகத்தை இன்னும் நுணுக்கமாகக் கட்டுப்படுத்த முடிகிறது. அவர் பெயரைப் பெரிதாக்கியது ஏதோ ஓர் அபூர்வ மரம் இல்லை. விளிம்பையும் மூடியின் வளைவையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதில் அவர் காட்டிய பொறுமை என்றே நான் நினைக்கிறேன்.

இந்தத் தொழில் பெருகியதற்குப் பறவை பெருகியதும் காரணம். 1930களில் அமெரிக்கா முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மிகாத காட்டு வான்கோழிகளே மிச்சம் இருந்தன. பண்ணையில் வளர்த்து விட்ட பறவைகள் காட்டில் பிழைக்கவில்லை. 1951ல் தென் கரோலைனாவின் பிரான்சிஸ் மேரியன் தேசியக் காட்டில், பீரங்கிபோல வலையை வீசும் கருவியால் காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு இடங்களில் விடும் முறை வெற்றி பெற்றது. அதன்பின் எண்ணிக்கை பல லட்சங்களாக ஏறியது. 1973ல் தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் அதே மாநிலத்தின் எட்ஜ்ஃபீல்டில் இருக்கிறது. அது நடத்தும் ஆண்டு மாநாட்டில் அழைப்பான் செய்பவர்களுக்குப் போட்டி உண்டு, அழகுக்குத் தனி, வேட்டைக்கான ஓசைக்குத் தனி. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. மரத்தின் அழகையும் மரத்தின் ஓசையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இருப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

கிடார் சோதனை இங்கே பொருந்துமா?

மரத்தின் பெயரை நம்பாதவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 2018ல் இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு மரத்தில் செய்த ஆறு கிடார்களை 52 கிடார் கலைஞர்களிடம் மங்கிய வெளிச்சத்தில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட் முதல் சாதாரண மரம் வரை இருந்தும், மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு எதுவும் வரவில்லை.

இதை வான்கோழிப் பெட்டிக்கு அப்படியே பொருத்துவது தவறு. கிடாரில் ஓசையை வெளியே தள்ளுவது முன்பலகை. அந்தச் சோதனையில் அது மாறவே இல்லை. பெட்டி அழைப்பானிலோ பக்கப்பலகைதான் உரசப்படுவது, அதிர்வது, ஓசையை வெளியிடுவது எல்லாம். கிடாரின் பின்பலகைக்கு நிகரானது இங்கே அடிப்பலகையும் முனைக்கட்டைகளும். அவற்றை எந்த மரத்தில் செய்தாலும் ஓசை அதிகம் மாறாது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கப்பலகை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

மரத்தின் பங்கை இன்னும் துல்லியமாகக் கேட்க விரும்புபவருக்குப் பெட்டியைவிட நல்ல வழி, சட்டி வடிவ அழைப்பான். வட்டமான மரச் சட்டியின் மேல் ஸ்லேட் கல்லோ கண்ணாடியோ பதித்து, ஒரு மரக்குச்சியால் அதன்மேல் உரசுவார்கள். சட்டி, கல், கை எதையும் மாற்றாமல் குச்சியை மட்டும் மாற்றலாம். ஓசேஜ் ஆரஞ்சு என்ற கனத்த மரத்தின் குச்சியிலோ பர்ப்பிள்ஹார்ட் குச்சியிலோ குரல் கூர்மையாக உயரும். செடார் போன்ற லேசான குச்சியில் தாழ்ந்து மென்மையாகும். வேட்டைக்காரர்கள் ஒரே சட்டிக்கு மூன்று நான்கு குச்சிகளைப் பையில் வைத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் அங்கும் குச்சியின் நீளத்தையும் நுனியின் உருண்டையையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

ஈரம்

வசந்தத்து விடியற்காலையில் தென் மாநிலக் காடுகள் பனியில் நனைந்து கிடக்கும். காய்ந்த அறையில் எட்டு ஒன்பது சதவீத ஈரத்தோடு இருந்த மரம், ஈரக்காற்றில் போதுமான நேரம் இருந்தால் இருபது சதவீதத்தைத் தொடும். ஈரம் ஏறினால் விறைப்பு குறையும், எடை கூடும், இரண்டும் சேர்ந்து சுரத்தைக் கீழே இழுக்கும். வெட்டிய ஈரம் காயாத பாப்லரின் விறைப்பு 8.4 கிகாபாஸ்கல், காய்ந்தபின் 10.9. போதாக்குறைக்குச் சாக்கும் பசையாகி, பற்றல் கெட்டுவிடும். அதனால்தான் விலை உயர்ந்த பெட்டிகளைக்கூட ரொட்டி சுற்றிவந்த பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போகிறார்கள். மூடியும் கையும் பைக்குள்ளேயே இருக்க, அப்படியே வாசிப்பவர்களும் உண்டு.

பழைய மரத்துக்கு இருக்கும் மவுசில் ஓரளவு நியாயம் இங்கே கிடைக்கிறது. பல பத்தாண்டுகள் காய்ந்த மரத்தில், ஈரத்தை அதிகம் இழுக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் மெல்லச் சிதைந்துபோகிறது. அத்தகைய பலகை ஈரக்காற்றில் புதுப் பலகை அளவுக்கு உப்புவதில்லை. குரல் மாயமாக இனிக்கிறது என்பதைவிட, காலையிலும் மதியத்திலும் ஒரே குரலாக இருக்கிறது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

செஸ்ட்நட்டுக்கு மாற்று

பழைய மரம் என்றதும் எல்லோரும் சொல்வது அமெரிக்கச் செஸ்ட்நட். 1904ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் கிழக்கு அமெரிக்காவில் முந்நூறு நானூறு கோடிச் செஸ்ட்நட் மரங்கள் அதற்குப் பலியாயின. அப்பலாச்சியன் மலைகளின் காட்டையே அது மாற்றிவிட்டது. படிக்கும்போதே மனம் கனக்கும் அழிவு. இன்று பெட்டிக்குக் கிடைப்பது, பழைய களஞ்சியங்களில் இருந்து கழற்றிய, பூச்சி துளைத்த பலகைதான். பட்டர்நட்டையும் புற்றுப்போல அரிக்கும் ஒரு பூஞ்சை 1960களில் இருந்து அழித்துக்கொண்டிருக்கிறது. பெரிய இலை மகாகனியின் பன்னாட்டு வணிகத்துக்கு 2003ல் கட்டுப்பாடு வந்தது. ஆக, பேர்பெற்ற பழைய பெட்டியைப்போல இன்னொன்று செய்ய வேண்டும் என்றால், பல நேரம் அதே மரம் கிடைக்காது.

மர இனத்தின் பெயரை மட்டும் நம்புபவருக்கு இத்துடன் வழி அடைபட்டுவிடும். பலகையை அளந்து பார்ப்பவருக்கு அடைபடாது. செஸ்ட்நட்டின் சராசரி விறைப்பு 8.5 கிகாபாஸ்கல், எடை கன மீட்டருக்கு 480 கிலோ, ஒலி ஓடும் வேகம் சுமார் 4,200 மீட்டர். பழைய பெட்டியின் பக்கப்பலகை மூன்று மில்லிமீட்டர் என்றால், எங்கும் மலிவாகக் கிடைக்கும் பாப்லரில் 2.6 மில்லிமீட்டர் வைத்தால் சுரம் அதே இடத்தில் வந்து நிற்கும். எடை மட்டும் பதினைந்து சதவீதம் குறையும். எனவே அதே சுரத்தில் புதுப் பெட்டி சற்று உரக்கக் கூவும், பின்பாதி கரகரப்பு சற்று முந்திக்கொண்டு வரும். அதைத் தணிக்க முதலில் மூடியின் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம். அப்படியும் வரவில்லை என்றால், பாப்லர் அடுக்கில் எடை கூடிய பலகையாகத் தேடி எடுக்கலாம். ஒரே இனத்துக்குள் எடையில் பத்து சதவீத ஏற்றத்தாழ்வு சகஜம் என்பதால் அப்படி ஒன்று கிடைக்கவும் செய்யும். புதுப் பலகையின் விறைப்பு வேறாக இருக்கும் என்பதால், அதைத் தட்டிக் கேட்டுக் கனத்தை மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.